கண்ணாயிரம் காரின் சிவப்புச் சொட்டு

கண்ணாயிரத்துக்கு இடது கால் சின்ன வயதிலேயே சூம்பிப் போனது. அது மறுபடி வளர்ந்துவிடவில்லை என்பதற்கு மூன்று முறை சான்றிதழ் கொடுத்தும், அரசாங்கம் தருவதாகச் சொன்ன மூன்று சக்கர வண்டி மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டுக்கு ஏறி வரவில்லை. கடைசியில் புளி விற்ற பணத்தோடு மனைவி சின்னக்குழந்தையின் கம்மலையும் சேர்த்து, காவலூரில் ஒருவரிடம் இருபது வருடப் பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார். க்ளட்ச் கிடையாது, வலது கால் ஒன்றே போதும். நாற்பது வயதுவரை அடுத்தவர் முதுகில் மலை இறங்கியவர், அடுத்தவர்களை ஏற்றிக்கொண்டு அடிவாரத்து ஒடுகத்தூர் போய்வர ஆரம்பித்தார்.

இந்த ஆடியில் கார் ஏற்றத்தில் திணறியது. இன்ஜின் உறுமும், சக்கரம் யோசிக்கும். பழைய இரும்புக்காரர் விலை பேசி ஆள் அனுப்பிவிட்டார். கொடுத்துவிட்டால் மறுபடி முதுகுதான்.

"கியர் ஆயில் ஒழுவுதா பாருண்ணா. செவப்பா இருக்கும்" என்றார் ஒடுகத்தூர் மெக்கானிக் சரவணகுமார், போனில்.

எப்படிப் பார்ப்பது? கார் நிற்கும் தரையே சிவப்பு. வெள்ளிதோறும் ஆரத்தி ஊற்றினார்கள். அமாவாசைதோறும் குங்குமம் அடைத்த பூசணிக்காயை உடைத்தார்கள். காருக்கு வந்த நோயை, நோய் வரக்கூடாது என்று செய்த சடங்கே மூடி வைத்திருந்தது. கியர் ஆயில் அளவுக் குச்சியைக் கண்ணாயிரம் தினமும் உருவிப் பார்த்தார்தான்; வாசல் சரிவில், இன்ஜினை அணைத்துவிட்டு. அப்படிப் பார்த்தால் அளவு கூடுதலாகத்தான் காட்டும்; குச்சி எப்போதும் 'நிறைய இருக்கிறது' என்றது.

பூசாரி கோபால்சாமி காருக்கடியில் குனிந்தார். ஒரு சொட்டைத் தொட்டு முகர்ந்தார். எண்ணெய் வாடை வந்தும் கலங்கவில்லை.

"ரத்தம்டா. ஆத்தா கெடா கேக்குறா."

"ஆத்தா கேக்குற ரத்தம் இன்னா மாமா, வழவழன்னு இருக்குது?" என்றாள் சின்னக்குழந்தை.

"பொம்பளைக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும்?"

வண்டியைப் பற்றிப் பூசாரிக்குத் தெரிந்தது, அவர் எப்போதும் ஏறி உட்காரும் முன்சீட்டு மட்டும். பள்ளிக்கூடத்துக் கூரை நான்கு வருடமாக ஒழுகுகிறது. அதற்காக எந்த ஆத்தாளும் இதுவரை ஒரு கோழிகூடக் கேட்டதில்லை.

கிடா கட்டப்பட்டது. அதை வெட்ட வேண்டிய அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது.

சின்னக்குழந்தை புருஷனைக் காரில் உட்காரவைத்து, கேழ்வரகு அடிக்கும் களத்துக்கு ஓட்டச் சொன்னாள். ஊரில் சமமான தரை அது ஒன்றுதான். அடியில் அவருடைய வெள்ளை வேட்டியை விரித்தாள்.

"ஏய், கல்யாண வேட்டிடீ!"

"கல்யாணமா முக்கியம்? காரு போச்சுன்னா உன்ன நான்தான் தூக்கணும்."

சரவணகுமார் போனில் சொன்னபடி இன்ஜினைச் சூடாக ஓடவிட்டு, குச்சியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்கள். கீழ்க்கோட்டைக்கூட ஆயில் தொடவில்லை. அரைமணி நேரத்தில் வேட்டியில் மூன்று சிவப்புச் சொட்டு, மூன்றும் ஒரே இடத்தில்: கியர்பாக்ஸ் அடித்தட்டின் ஓரம்.

மறுநாள் சரவணகுமார் பஸ் ஏறி வந்தார். தட்டைக் கழற்றினார். ஆயில் கசியாமல் தட்டின் விளிம்பை அடைக்கும் பேக்கிங் அப்பளம்போல் நொறுங்கியது. புதியதை வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். புது ஆயிலைக் குச்சிக்குழாய் வழியே ஊற்றி, அளவு பார்த்தார்.

"அவ்ளோதாண்ணா. விட்டிருந்தா கியர்பாக்ஸே போயிருக்கும்."

செங்குத்தான ஏற்றத்தில் கார் முனகாமல் ஏறித் திரும்பி வந்தது. ஊரே பார்த்தது.

"பாத்தீங்களா," என்றார் கோபால்சாமி. "கெடாவக் கண்ணுல காட்டுனதுமே ஆத்தா மனசு குளுந்துட்டா."

"அப்டியா? அடுத்த தபா ஒழுவுனா நீயே அடியில போய்ப் படு மாமா, ஆத்தா ஸ்பேனர் எடுத்துக் குடுப்பா" என்றாள் சின்னக்குழந்தை.

பூசாரி முன்சீட்டுக் கதவில் கை வைத்தார். அங்கே சரவணகுமார் உட்கார்ந்திருந்தார்.

"பின்னாடி ஏறு மாமா" என்றார் கண்ணாயிரம். "இல்லன்னா நட. எனக்கு ஒடுகத்தூர் சவாரி இருக்குது."