நான் பாடாமல் கேட்ட என் குரல்

எங்கள் கோயில் பாடற்குழுவில் நான் இரண்டாவது குரல். முதல் குரல்காரிகள் மெட்டைப் பாடுவார்கள், ஊரே அவர்களைத்தான் கேட்கும். நாங்கள் அதற்கு அடியில் ஓடுவோம். கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தினி பேரு பாடுறீங்க, இதுல உன் குரலு எங்க இருக்குது?"

கிண்டல்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

எங்களைப் பாட வைக்கும் மாஸ்டரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். என் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர். போன வருஷம் பெருவிழாவுக்கென்று அவர் ஒரு பாட்டைக் கொண்டுவந்தார். எந்தத் தேசத்திலோ ஒரு பிரபு, தன் அரண்மனைக் கோயிலில் பாடுவதற்காகக் காசு கொடுத்து எழுதி வாங்கிய பூசைப் பாட்டாம். பல நூறு வருஷம் ஏதோ அலமாரியில் மக்கிக் கிடந்ததை இப்போதுதான் கண்டெடுத்து, அந்த ஊர்க்காரர்களே பாடி இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார்கள். அதை எங்கள் போனுக்கு அனுப்பி, கேட்டுப் பழகச் சொன்னார்.

நாலு குரல். ஒன்று தொடங்கி நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்தது உள்ளே வரும், ஒவ்வொன்றும் தன் வழியில் போகும், ஆனாலும் முட்டிக்கொள்ளாது. முதல் வாரம் எங்களுக்குச் சந்தைக்கடை மாதிரிதான் இருந்தது. பிறகு ஒரு நாள் சட்டென்று பிடிபட்டது. அதில் 'கிறிஸ்தே' என்று தொடங்கும் ஒரு பகுதி, கிறிஸ்துவே இரக்கமாயிரும் என்று அர்த்தம். அங்கே மற்ற மூன்று குரலும் வாயை மூடிக்கொள்ள, இரண்டாவது குரல் மட்டும் தனியாகத் தொடங்கும். அதை ஒரே ஆள் பாடட்டும் என்று அண்ணன் என்னை நிறுத்தினார். நான் பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஃப்யூஸ் கட்டைகளின் விளிம்பை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டே அந்த இடத்தை நாள் முழுக்க முணுமுணுப்பேன். பக்கத்தில் உட்காருகிறவளுக்கே பாட்டு மனப்பாடமாகிவிட்டது.

அந்தச் சமயம் வீட்டுக்காரர் சேத்தியாத்தோப்பு ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்து, காலில் பிளேட் வைத்துப் படுக்கையில் இருந்தார். எங்கள் வீடு கோயிலுக்குப் பின்தெருவில். விழா நாட்களில் முனைக் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள்.

"அன்னிக்கி ஜன்னலத் தொறந்து வெச்சிக்கிங்க. 'கிறிஸ்தே'ன்னு தனியா ஒரு குரலு வரும். அது நாந்தான்."

"பாக்கலாம்" என்றார் அவர்.

பெருவிழாப் பூசைக்கு உபயம் வேறொரு பீங்கான் கம்பெனி முதலாளி. சென்னையிலிருந்து விருந்தாளிகளோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மைக் முன்னால் நின்று பாடினோம். ஸ்பீக்கர் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் பாடுவதுகூட எனக்குக் கேட்கவில்லை. என் இடம் வந்தது. மூச்சை இழுத்தேன். பயமா என்னவோ, தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு சத்தமும் வரவில்லை.

ஆனால் ஸ்பீக்கர் பாடியது. 'கிறிஸ்தே' என்று ஒரு பெண், பளிங்கு மாதிரி, கொஞ்சமும் பிசகாமல் பாடினாள்.

கீபோர்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அதில் செருகியிருந்த பென்டிரைவ் மின்னிக்கொண்டிருந்தது. போனில் கேட்டுப் பழகிய அதே குரல். அண்ணன் என்னைப் பார்க்காமல் கையை வீசிக்கொண்டிருந்தார். எங்கள் மைக் எதுவுமே ஓடவில்லை. மாசக்கணக்கில் தொண்டை வறளப் பாடினோமே, எல்லாம் வாயசைக்கத்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பூசை முடிந்ததும் பின்பக்கம் மடக்கிக் கேட்டேன்.

"மொதலாளி அத்தினி பெரிய ஆளுங்களக் கூட்டியாந்திருக்காரும்மா. ஒரு எடத்துல பிசகுனா மானம் போயிடும். கோயிலுக்குக் கூரை போட்டுத் தரேன்னு சொல்லியிருக்காரு."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லண்ணே."

"சொன்னா வந்து நின்னிருப்பீங்களா?" என்றார். பிறகு, ஏதோ நியாயத்தைக் கண்டுபிடித்துவிட்டவர்போல, "அந்தப் பாட்டே பெரிய மனுசனுக்கு எழுதினதுதானம்மா. நமக்கா எழுதினாங்க?" என்றார்.

ஞானத்தகப்பனாக நின்ற மனிதர். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் ஜன்னல் திறந்திருந்தது. அவர் தலையணையை முட்டுக்கொடுத்து எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"கேட்டுச்சு" என்றார். "தெளிவாக் கேட்டுச்சு. இத்தினி வருசமா இந்தக் குரல வெச்சிக்கிட்டா சும்மா இருந்த?"

அவர் கண் கலங்கி நான் அதுவரை பார்த்ததில்லை. நான் ஏங்கிக் கிடந்த ஒரு வார்த்தை எவளோ முகம் தெரியாதவளுக்குப் போய்விட்டது. அது நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. உலை வைக்கிறேன் என்று அடுப்படிக்குப் போய் நின்று அழுதேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் கோயிலுக்குப் போகாமல் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"அந்த 'கிறிஸ்தே'வ ஒருக்காப் பாடேன்."

தட்டிக்கழித்துப் பார்த்தேன், விடவில்லை. பாடினேன். தொண்டை அடைக்கவில்லை. மூச்சு எங்கேயும் உடையவில்லை. ஒத்திகையில் ஒரு நாளும் அப்படி வந்ததில்லை. என் குரல் இதுதான், இதுதான் என்று அவரிடம் சொல்லிவிடுகிற மாதிரி கடைசிவரை பாடினேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார். "ஆனா அன்னிக்கி மாரி வரல."

என் முகத்தைப் பார்த்துவிட்டு, மனசு நோகக் கூடாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மைக்கு இல்லல்ல, அதான்."