மூன்றாவது வீட்டுச் சுவர்

தார் வாசனை வந்தால் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் நின்று ஒரு மூச்சு இழுத்துக்கொள்வேன். போன சித்திரையில், பொரித்த மீன் சாப்பிடலாம் என்று மனைவியோடு நாகமரைக் கரைக்குப் போனபோதும் அந்த வாசனைதான் முதலில் வந்தது. ஒருவர் பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அடியில் தார் பூசிக்கொண்டிருந்தார். அவருக்கு அப்பால் ஏரியைக் காணவில்லை.

ஏரி என்று நான்தான் சொல்கிறேன். மேட்டூர் அணைக்குப் பின்னால் மலைகளுக்கு நடுவே பரந்து கிடக்கும் தேக்கம் அது. அந்தக் கரைக்காரர்களுக்கு வெறும் டேம் தண்ணி. நிறைந்திருக்கும்போது எதிர்க்கரைப் பண்ணவாடி ஒரு பச்சைக் கோடாகத்தான் தெரியும். அன்றைக்கு வெகுதூரம் வரை வெடித்த சேறு. சேற்றில் வரிசையாகக் கல்சுவர்கள். சுவர்களுக்கு நடுவே ஒரு வீதி நேராகப் போய், ஓரிடத்தில் சட்டென்று வலப்பக்கம் திரும்பியது. வாய்க்குக் கொண்டுபோன மீன் துண்டு பாதியில் நின்றது. அந்த வீதியில் நான் ஒரு வருடம் போய்வந்திருக்கிறேன், தண்ணீருக்கு மேலே.

சுகாதார ஆய்வாளராக எனக்கு அங்கேதான் முதல் வேலை. வாரத்தில் மூன்று நாள் அக்கரைக்குப் போகவேண்டும். பரிசல் ஓட்டிய மாதையனுக்கும் எனக்கும் ஒரே வயது. ஏறும் நேரம், இறங்கும் நேரம், காற்றின் திசை எல்லாவற்றையும் டைரியில் எழுதுவேன். "சாரு எழுதலைன்னா பரிசலு நவராதுங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார்.

நட்ட நடுத் தண்ணீரில் மாதையன் பரிசலைத் திருப்புவார். முன்னால் பாறையும் இல்லை, மரமும் இல்லை.

"எதுக்குத் திரும்பறீங்க?"

"பெருமாள் கோயில் வீதி முடிஞ்சிருச்சுங்க. அடுத்த வீதிக்குப் போவணும்."

மாதையனின் தாத்தா காலத்தில் அணை கட்டியபோது மூழ்கிய ஊர் கீழே இருந்தது. ஓடுகளையும் உத்திரங்களையும் கழற்றிக்கொண்டு ஜனங்கள் மேடேறிவிட்டார்கள், கல்சுவர்கள் நின்றுவிட்டன. தண்ணீர் குறைந்த மாதங்களில் அவை பரிசலின் வயிற்றைக் கிழிக்கும் என்பதால் வீதிகளின் மேலேதான் ஓட்டுவார்கள். கோயில் வீதி வந்ததும் எல்லோரும் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்கள். நானும் கழற்றினேன், உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு.

"நேரா போனா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நேரா போனா அடுத்தவங்க வூட்டு மேல ஏறணுங்க. சண்டைக்கு வருவாங்க."

சிரித்தேன். அன்றிரவே பட்டியல் போட்டேன். வீதி வழி நாற்பத்திரண்டு நிமிடம். நேர்க்கோட்டில் போனால் முப்பதுக்குள். நான் அப்படிப்பட்ட ஆள்.

நாகமரையில் பழனியம்மாள் என்ற பெண்ணுக்கு வலி கண்டது ஒரு கோடைக் காலை. தலைப்பிரசவம். பென்னாகரம் பஸ் மதியம்தான். அக்கரை சேர்ந்துவிட்டால் மேட்டூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கிடைக்கும். பரிசலில் அவளும் மாமியாரும் நானும். பாதி தூரத்தில் அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். மாதையன் வழக்கம்போலத் திருப்பினார்.

"நேரா போங்க."

"வேண்டாங்க சார். தண்ணி கம்மி."

"பன்னெண்டு நிமிசம் மிச்சமாகும். உயிருங்க இது. நான் சொல்றேன், போங்க."

அவர் பழனியம்மாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நேராக விட்டார். கொஞ்ச நேரத்தில் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். என் காலடியில் தண்ணீர்.

மாதையன் தலைத்துண்டை ஓட்டையில் அடைத்துவிட்டு வெளியே குதித்தார். முங்கிப்போவார் என்று நினைத்தேன். முழங்காலளவுத் தண்ணீரில் நின்றார். சுவர்மேல் நின்றிருந்தார்.

"யாரு வூடுப்பா அது?" என்று மாமியார் கேட்டாள், பழனியம்மாளின் தலையைப் பிடித்தபடி.

"எங்க வூடுதான் ஆயா. வீதியில மூணாவது. நல்ல வேளை, வேற யாராச்சும்னா திட்டுவாங்க."

காலால் சுவரைத் தடவித் தடவி நடந்து, பரிசலை வீதிக்குத் தள்ளிக்கொண்டு போனார். நாங்கள் கைகளால் தண்ணீரை வாரி வெளியே கொட்டினோம். வலை போட்டுக்கொண்டிருந்த மீன்காரர்கள் பார்த்து வந்து அவளைத் தங்கள் பரிசலில் ஏற்றிக்கொண்டார்கள். சாயங்காலம் பெண் குழந்தை, இருவரும் சுகம். அடுத்த மாதம் எனக்குப் பாப்பிரெட்டிப்பட்டிக்கு மாறுதல் வந்தது.

இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். "கடிகாரத்தை நம்பின முட்டாள் நான்" என்று முடிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

மீன் பொரித்துக் கொடுத்த அக்காவிடம் மாதையனைப் பற்றிக் கேட்டேன்.

"மாதையண்ணனா? அவரு தொறையை விட்டுப் போயி ரொம்ப வருசமாச்சுங்களே. புள்ளத்தாச்சியைத் தண்ணியில தள்ளப் பாத்தாருன்னு எவனோ ஆபீசரு எழுதிக் குடுத்துட்டானாம். தொறைக் குத்தகைக்காரரு துடுப்பைப் புடுங்கிட்டாரு. பெங்களூருக்கு மண்ணு வேலைக்குப் போனாரு, அங்கியே செத்தும் போயிட்டாரு."

காரிமங்கலத்தில் எங்கள் வீடு வந்து சேரும் வரை அந்த ஆபீசரைத் திட்டிக்கொண்டே வந்தேன். காப்பாற்றினவர்மேல் பழி போட எப்படி மனசு வந்தது?

"எந்த ஆபீசர்னு உங்க டைரியில இருக்குமே. காத்தடிச்சதக்கூட எழுதுவீங்களே" என்றாள் மனைவி.

இருந்தது. என் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல்: 'பரிசல் சேதம். நோயாளிக்கு ஐம்பது நிமிடம் தாமதம். காரணம்: பரிசல் ஓட்டியின் கவனக்குறைவு. மேலதிகாரி கேட்டபடி அறிக்கை எழுதிக் கொடுத்தேன். மதியம் தயிர்சாதம்.'

மூன்று முறை படித்தேன். அந்த மேலதிகாரியின் அறை, மேசை, நான் உட்கார்ந்தேனா நின்றேனா, ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தயிர்சாதம்கூட நினைவில் இல்லை. வீதியின் திருப்பம் இருக்கிறது, தார் வாசனை இருக்கிறது, அந்த அறை மட்டும் இல்லை. மனைவி என்ன என்று கேட்டாள். டைரியை அவள் பக்கம் நகர்த்தினேன். படித்துவிட்டு, மூடி, என் கையில் கொடுத்தாள்.

அந்த வீதியில் ஒருமுறை நடந்து, மூன்றாவது வீட்டு வாசல் வரை போகவேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. போவதற்குப் பயந்து நாளைத் தள்ளினேன். ஆடியில் போனபோது கர்நாடகத்து மழைத் தண்ணீர் வந்து சேர்ந்திருந்தது. சுவர் இல்லை, வீதி இல்லை. கண்ணுக்கெட்டிய வரை பளபளவென்று தண்ணீர். மோட்டார் படகில் ஏறினேன். நடுவே வந்ததும் செருப்பைக் கழற்றி மடியில் வைத்தேன்.

"காலு நனையாதுங்க, போட்டுக்குங்க" என்றார் படகுக்காரர்.

"இங்க திரும்ப மாட்டீங்களா?"

"எதுக்குங்க? தண்ணி ரொம்பிக் கெடக்குது, நேரா போலாம்."

நேராகத்தான் போனார். யார் யார் வீட்டின் மேலேயோ போனோம். யாரும் சண்டைக்கு வரவில்லை.