இடப்பக்கக் கதவு

நான் ஒரு வங்கியின் உள்ளகக் கணக்காய்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். யாரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பழக்கம் கந்தோர் முடிகிற நேரத்தோடு நின்றுவிடுவதில்லை. மரக்கறிக்காரர் தராசில் வைக்கும் கையைத்தான் முதலில் பார்ப்பேன். மகளின் வீட்டுப்பாடம் முழுக்கச் சரியாக இருந்தால், யார் சொல்லித்தந்தது என்று கேட்பேன். "சாமி நேர வந்து நிண்டாலும் நீ ஐடென்டிட்டி காட் கேப்பாய்" என்பார் அப்பா.

அந்த அப்பாவின் காரில்தான் ஒரு நாள் காலை பள்ளம் விழுந்திருந்தது. இடப்பக்கப் பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே, ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு. கீறல் ஒன்றும் இல்லை, பெயின்ட் உரியவும் இல்லை. யாரோ முழங்காலால் அமுக்கிவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். அப்பா, நான், ஒன்பது வயது மகள். கணவருக்கு வேலை கட்டாரில். அம்மா காலமான பிறகு அப்பாவுக்கு நாள் என்றால் அது பின்னேரம்தான். பம்பலப்பிட்டியில் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பேத்தியைக் கூட்டிவருவார். அதற்காகக் காலையிலேயே சேட்டு அயன் பண்ணி வைப்பார். பள்ளிக்கூட வாசலில் மற்றத் தாத்தாமாரோடு கதைப்பதும், வரும் வழியில் பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்து எனக்கு ஒளிப்பதும் அவருடைய சந்தோசங்கள். அந்தக் கார் நின்றால் மனுசன் நின்றுவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

பள்ளத்தைக் கண்டதும் என் சந்தேகம் நேரே மேல்வீட்டுக்காரரிடம் போனது. கீழே எங்கள் காருக்கு இடப்பக்கத்தில் அவருடைய ஜீப் நிற்கும். வளைக்கத் தெரியாமல் வளைத்து, நாலு தரம் முன்னுக்கும் பின்னுக்கும் போய் நிறுத்துகிற ஆள். ஜீப்பின் பம்பரைக் குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. துடைத்திருப்பார் என்று முடிவுகட்டினேன். லிஃப்டில் கண்டபோது அவர் "குட் மோர்னிங்" சொன்னார். இவ்வளவு சிரிப்பு எதற்கு என்று நினைத்து நான் வாயைத் திறக்கவில்லை.

"அந்தாளிட்ட நான் கேக்கப்போறன்" என்றேன் அப்பாவிடம்.

"விடு பிள்ளை. சின்னப் பள்ளம். கொட்டாஞ்சேனையில ஒருத்தன் பெயின்ட் அடிக்காமல் உள்ளுக்கால தள்ளி எடுக்கிறானாம்."

அங்கேதான் எனக்கு மூக்கில் வியர்த்திருக்க வேண்டும். எலெக்ட்ரிசிட்டி பில்லில் ஒரு எழுத்துப் பிழைக்கே போய்ச் சண்டை பிடித்துவிட்டு வருகிற அப்பா, தன் காரை இடித்தவனை விடு என்கிறார்! அவருக்கு அந்தக் காரில் இன்னும் கம்பனி பெயின்ட் இருப்பது பெருமை. விற்கிற நாளில் பெயின்ட் அடித்த கார் என்று ஒருவனும் சொல்லக்கூடாது என்பார். இங்கே கார் வாங்க வருகிறவர்கள் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிற மாதிரிச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள் என்பதும் உண்மை. அதனால் அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. என் சந்தேகம் முழுக்க அந்தக் கொட்டாஞ்சேனைக்காரன் மேல் திரும்பியது. பெயின்ட் அடிக்காமல் தகரத்தைப் பழையபடி ஆக்குவதாவது! சுடுதண்ணீர் ஊற்றி இழுத்துவிடுவான், ஒரு கிழமையில் பள்ளம் திரும்பி வரும். அப்பாவின் காதில் யாரோ நன்றாகப் பூச்சுற்றியிருக்கிறார்கள். நான் லீவு போட்டுக்கொண்டு கூடவே போனேன். நான் வருவதாகச் சொன்னபோது அப்பா, "உனக்கேன் வீண் அலைச்சல்?" என்று இரண்டு மூன்று தரம் கேட்டார்.

இடம் ஒரு ஒடுங்கிய ஒழுங்கைக்குள், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டில். வேலைக்காரர் நாற்பது வயதிருக்கும், மெலிந்தவர், என் கண்ணைப் பார்க்காமல் கதைக்கிறவர். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"வாங்க சார், வாங்க மேடம். உக்காருங்க."

எனக்கு ஒரு ஸ்டூல் வந்தது. அப்பாவுக்கு மட்டும் மின்விசிறிக்கு நேராக, முதுகு சாய்கிற கதிரை. வேலைக்காரர் ஒழுங்கைக்கு எதிரே இருந்த தேத்தண்ணீர்க் கடைப் பையனைப் பார்த்துக் கத்தினார்: "மல்லி, ப்ளேன்டீ ரெண்டு! ஒண்ணு சீனி இல்லாம!"

சீனி இல்லாதது அப்பாவின் கைக்குப் போனது. அப்பாவுக்கு நீரிழிவு. நான் அதை யாருக்கும் சொல்லவில்லை. அப்பாவும் வாய் திறக்கவில்லை. வயதான ஆள் என்று பார்த்து ஊகித்திருப்பான் என்று அந்த இடத்தில் மனதைச் சமாதானப்படுத்தினேன்.

அவர் ஒரு நீளமான விளக்கைக் கதவுக்கு முன்னால் வைத்தார். அதன் ஒளி பெயின்டில் வரிவரியாக விழுந்தது. நல்ல தகரத்தில் வரிகள் நேராக ஓடின, பள்ளத்தில் நெளிந்து சுருண்டன. அந்த வரிகள் நேராகும் வரை உள்ளேயிருந்து கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவதுதான் வேலையாம். அதற்குக் கதவின் உள்பலகையைக் கழற்ற வேண்டும். கழற்றுவது என்ற சொல்லைக் கேட்டதும் நான் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன்.

கொழும்பில் காரைக் கராஜில் விடுகிறவர்களுக்கெல்லாம் ஒரே பயம்: நல்ல சாமானைக் கழற்றிவிட்டுப் பழையதைப் பூட்டிவிடுவார்கள். அதற்கு ஒவ்வொருவரிடமும் ஒரு வைத்தியம் உண்டு. சிலர் பற்றரியில் பெயர் எழுதுவார்கள், சிலர் எல்லாவற்றையும் போனில் படம் எடுப்பார்கள். என்னுடையது சிவப்பு நெயில் பொலிஷ். திருகாணியின் தலையில் பாதியும் பக்கத்துப் பிளாஸ்டிக்கில் பாதியும் படும்படி மெல்லிய ஒரு கோடு இழுப்பேன். யாராவது திருகாணியைச் சுழற்றினால் கோடு முறிந்துவிடும். கடைசியாகக் கார் சேவிசுக்குப் போனபோது நாலு கதவுக்கும் போட்டிருந்தேன். திரும்பி வந்ததும் பார்த்தேன், ஒரு கோடும் முறியவில்லை.

இப்போது வேலைக்காரர் கதவின் உள்பக்கக் கைப்பிடிக் குழிக்குள் இருந்த திருகாணியில் ஸ்குறூ ட்ரைவரை வைக்கப் போனார். "கொஞ்சம் நில்லுங்கோ" என்று போன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்தேன்.

கோடு ஏற்கெனவே முறிந்திருந்தது. ஒரு பாதி ஒரு பக்கம், மற்றப் பாதி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

இடப்பக்க முன்கதவைத் திறந்து பார்த்தேன். அதிலும் முறிந்திருந்தது. சுற்றி ஓடி வலப்பக்கக் கதவுகள் இரண்டையும் பார்த்தேன். நான் போட்ட கோடுகள் போட்டபடியே இருந்தன.

கந்தோரில் இப்படி ஒன்று அகப்பட்டால் எனக்கு உள்ளுக்குள் சந்தோசம் பொங்கும். அன்று பொங்கவில்லை.

"இந்தக் கதவை இதுக்கு முதல் கழட்டினது ஆர்?"

வேலைக்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கிறன்" என்றேன் வேலைக்காரரிடம். "அப்பாவுக்குச் சீனி இல்லாத தேத்தண்ணி எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் ஸ்குறூ ட்ரைவரைத் துணியால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "சார் சொல்ல வேணான்னாரு மேடம். வீட்ல வீணா பயப்படுவாங்கன்னாரு. நான் என்ன பண்ண? வந்த வேலையைச் செஞ்சு குடுத்தேன்."

"எல்லாம் இடப்பக்கம்தானோ?"

"ஆமா மேடம். எல்லாம் இந்தப் பக்கந்தான்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கொட்டிலையே பிரித்துப் போட்டிருப்பேன். பள்ளம் விழுந்ததற்கல்ல. நான் ஊரெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டு திரிய, என் வீட்டுக்குள்ளேயே ஒருவர் இவ்வளவு வடிவாகத் தடயம் அழித்திருக்கிறார். அதற்கென்றே தேடிப் பிடித்த வைத்தியம் இந்தப் பெயின்ட் அடிக்காத வேலை. புதுப் பெயின்ட் என்றால் நான் வாசத்திலேயே பிடித்திருப்பேன்.

"இது எப்பிடி நடந்தது?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"ஓட்டோ பிள்ளை. ஒழுங்கைக்குள்ள திருப்பேக்க இடப்பக்கத்தால வந்து, முன் டயரைக் கொண்டுவந்து அமத்திப்போட்டான். றப்பர்தானே, கீறேல்லை."

"அவன் வந்ததை நீங்கள் காணேல்லையோ?"

"கண்டனான். விசர் பிடிச்சவன் மாதிரி அப்பிடி ஒரு வேகம்."

"பிள்ளை உள்ளுக்கு இருந்தவளோ?"

அப்பா எழுந்து, குடித்து முடிக்காத கோப்பையை எதிர்க்கடையில் கொடுக்கப் போனார். வேலைக்காரர் மெதுவாகக் கதவின் பலகையைக் கழற்றத் தொடங்கினார். நான் தடுக்கவில்லை. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காக்க வந்தவள், அந்த வேலை முடியும் வரை கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. முடிந்தபோது வரிகள் நேராக ஓடின. பள்ளம் இருந்த இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, அது எனக்கு எரிச்சலை இன்னும் கூட்டியது.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். அப்பா இடப்பக்கம் இருந்தார். "கண் டொக்டரிட்டப் போவம்" என்றேன். "என்ர கண்ணுக்கு ஒண்டுமில்லை, பேப்பர் வாசிக்கிறன்தானே" என்றார். காலிமுகத்திடல் தாண்டி ஒரு சிக்னலில் நின்றபோது, முந்திரிப்பருப்பு விற்கிறவர் ஒருவர் முன்னாலிருந்து மெதுவாக நடந்து வந்து அப்பாவின் பக்கக் கண்ணாடியில் தட்டினார். அப்பா திடுக்கிட்டுப்போனார். "இவன் எங்கையிருந்து வந்தவன்?" என்றார்.

அவருக்குத் தன் குறை தெரியவில்லை, பாவம், இடப்பக்கப் பார்வை மங்குவது கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் என் கோபம் பாதி இறங்கியது. ஓட்டோக்காரன் வேகமாக வந்தான் என்று அவர் உண்மையாகவே நம்பியிருக்கலாம். வீட்டுக்குப் போய், சமைத்து, சாப்பிட வைத்து, மெதுவாக எடுத்துச் சொல்லலாம் என்று இருந்தேன்.

அன்று ஓட்டோவில் பள்ளிக்கூடத்தால் வந்த மகளுக்குத் சீப்பால் தலை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்டேன்: "அம்மப்பாவோட வரேக்க நீ எங்க இருக்கிறனி?"

"பின்னால. அம்மப்பாவுக்கு நேர பின்னால."

"முந்தி மற்றப் பக்கமெல்லோ இருக்கிறனி?"

"ஓம். இப்ப அங்க இருக்க விடமாட்டார். அந்தப் பக்கம் வெயில் கூடவாம்."

அப்பா எப்போதும் மரீன் டிரைவால்தான் வருவார். பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு வரும்போது கடல் வலப்பக்கம். பின்னேர வெயிலும் கடல் பக்கத்திலிருந்துதான் அடிக்கும். இடப்பக்கம் நிழல்.

பேத்தியை நிழலிலிருந்து எடுத்து வெயிலுக்குள் வைத்திருக்கிறார். தனக்கு எந்தப் பக்கம் தெரிவதில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ஓட்டியிருக்கிறார்.

நான் சமைக்கவும் இல்லை, எடுத்துச் சொல்லவும் இல்லை. முன்னறையில் அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். கார்ச் சாவி அவருடைய கதிரைக்கு இடப்பக்கத்தில், சுவரில் அடித்த ஆணியில் தொங்கும். போய் அவருக்குப் பக்கத்திலேயே நின்று அதை எடுத்தேன். சாவிக்கொத்து கிலுங்கியது. அப்பா திரும்பவில்லை, கண்ணை டீவியிலிருந்து எடுக்கவும் இல்லை. அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும் சாவி எங்கே என்று கேட்கவும் இல்லை.

அந்தப் பக்கம் என்பதால் என்னைக் காணவில்லையா, கண்டும் காணாதது மாதிரி இருந்தாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். அந்த ஒன்றை மட்டும் நான் விசாரிக்கவில்லை.