வணக்கத்தைக் கடைசியில் சொல்பவர்

“பீன்ஸ் இருக்கு, லீக்ஸ் இருக்கு, தக்காளி கெடையாது, நாளைக்கு வரமாட்டேன்.”

இவ்வளவையும் சொல்லி முடித்த பிறகுதான் புஷ்பவதி எங்கள் வாசலில் கூடையை இறக்குவார். கேற்றைத் திறந்தது யார் என்று அதற்கு முன் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். நிறுத்துப் பையில் போட்டு, கூடையைத் தலையில் ஏற்றி, தெருவில் இறங்கிய பிறகு திரும்பிப் பார்த்து, “வணக்கங்க, எல்லாரும் சொகந்தானே?” என்பார். பதிலுக்கு நிற்கமாட்டார். புதிதாகக் குடிவந்தவர்கள், இந்த அம்மா ஏன் தலைகீழாகப் பேசுகிறார் என்று என் மனைவியிடம் விசாரிப்பதுண்டு.

அது எங்கள் பிரதேச சபை கொடுத்த வரம். புஷ்பவதி அந்தச் சபையின் உறுப்பினர். கடந்த தேர்தலில் பெண்கள் ஒதுக்கீட்டுக்கு ஒரு தோட்டத்துப் பெயர் தேவைப்பட, கட்சிக்காரர்கள் மலைமேல் ஏறிவந்து இவருடைய பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். பெயர் மட்டும் போதும் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆளும் சேர்ந்து வந்துவிட்டது. விடியுமுன் வெள்ளாப்பில் பஸ் ஏறித் தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி எடுத்து, மாத்தளைத் தெருக்களிலும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களிலும் விற்பது அவருடைய தொழில். உறுப்பினரான பின்பும் கூடையை விடவில்லை. ஏன் என்று கேட்டால், “கூட்டம் மாசத்துக்கு ஒரு நாளுங்க, வயிறு தெனமுல்ல இருக்கு” என்பார்.

நான் ஒரு வார இதழுக்குச் சபைச் செய்தி எழுதுகிறவன். பத்திரிகையாளர் வாங்கில் உட்கார்ந்தே தலை நரைத்துவிட்டது. நான் போகத் தொடங்கிய காலத்தில், பேச எழுந்த உறுப்பினர் தானாகக் களைத்து உட்காரும்வரை பேசலாம். பகல் சாப்பாட்டுப் பசி ஒன்றுதான் விவாதத்தை முடிக்கும். ஒருமுறை வரவு செலவுத் திட்டத்தை எதிர்க்கட்சி மாலைவரை இழுத்தடித்தது. அதன்பின் ஆளுக்குப் பத்து நிமிடம் என்றார்கள். அடுத்த தவிசாளர் அதை ஐந்தாக்கினார். பிறகு, “பேசியது போதும், வாக்குக்கு விடுங்கள்” என்று ஒருவர் பிரேரித்துப் பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தால் விவாதம் அத்தோடு முடியும் என்று ஒரு விதி வந்தது. இப்போது மூன்று நிமிடம். அது தீர்ந்ததும் ஒலிவாங்கியின் பச்சை விளக்கு சிவப்பாகும், குரல் அறுந்துபோகும்.

ஒவ்வொரு முறையும் தவிசாளராக இருப்பவர், “பாராளுமன்றத்திலேயே நேரக் கட்டுப்பாடு இருக்கிறதே” என்பார். எதிர்க்கட்சி மேசையைத் தட்டிவிட்டு வெளிநடப்புச் செய்யும். அதே எதிர்க்கட்சி அடுத்த தேர்தலில் வென்று வந்து, அந்த விதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்று இறுக்கும். தளர்த்தியவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

தமிழில் பேசுகிறவர்களுக்கு அந்த மூன்று நிமிடமும் முழுசாகக் கிடைப்பதில்லை. சிங்கள மொழிபெயர்ப்பும் அதற்குள் அடக்கம். புஷ்பவதி தன் கன்னிப் பேச்சில் தவிசாளரில் தொடங்கி, உப தவிசாளர், செயலாளர், கௌரவ உறுப்பினர்கள் என்று ஒருவரையும் விடாமல் வணக்கம் சொன்னார். மொழிபெயர்ப்பாளரும் ஒருவரையும் விடவில்லை. வந்த விஷயத்தைத் தொடுவதற்குள் விளக்கு சிவந்தது. சபை சிரித்தது. வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: “கும்புடு போட்டதுக்கே நேரம் போச்சுங்க. இனிமே சங்கதிய மொதல்ல சொல்லிப்புடுறேன், வணக்கம் கடைசில கெடக்கட்டும். வெட்டுனா அதுதானே வெட்டுப்படும்?” அன்றிலிருந்து சபையிலும் சந்தையிலும் வீட்டிலும் அவருக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. அதன்பின் அவருடைய வணக்கம் முழுதாகச் சபையில் ஒலித்ததே இல்லை.

ஐப்பசிக் கூட்டம் வந்தது. விளையாட்டு மைதானத்துக்கு யார் பெயரை வைப்பது என்பது முதல் விஷயம். அதைப் பேசி முடிக்கும்வரை பச்சை விளக்கு சிவக்கவே இல்லை. தவிசாளருக்குப் பிடித்த விஷயமென்றால் மணிக்கூடும் மரியாதை காட்டும். பகலுக்குப் பிறகுதான் புஷ்பவதியின் முறை வந்தது.

“நாளைக்கே லயத்து ஆளுங்கள கீழ எறக்கணும். மேல் லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்கு. எங்கண்ணன் இராமசாமி மம்பட்டிப் புடிய உட்டுப் பாத்தாரு, முழுசா உள்ள போயிருச்சு. பழைய கொக்கோ ஸ்டோர் சும்மாதான் பூட்டிக் கெடக்கு. சனங்க தங்கிக்க அதத் தெறந்து குடுக்கச் சொல்லி இந்தச் சபை தோட்டத்துத் தொரைகிட்டக் கேக்கணும். மழ வரப்போவுது.”

எந்தக் காம்பராவில் எத்தனை பேர் என்று லயம் முழுவதையும் சொல்லி முடித்தார். மொழிபெயர்ப்பாளர் எழுந்து, வெடிப்பு என்ற இடத்துக்கு வரும்போது விளக்கு சிவந்தது. பக்கத்து ஆசனத்திலிருந்த பதுர்தீன் ஹாஜியார், “எழும்பி நில்லு தங்கச்சி, எண்ட நேரத்தயும் எடுத்துக்கொ” என்றார். தவிசாளர் சிரித்தபடி, ஒருவர் நேரத்தை இன்னொருவருக்குக் கொடுக்கும் விதி போன சபையோடு நீக்கப்பட்டுவிட்டது என்றார். அதை நீக்கியபோது மேசையைத் தட்டி எதிர்த்தவர்களில் இதே தவிசாளரும் ஒருவர். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, விவாதம் போதும், குழுவுக்கு அனுப்பி அடுத்த மாதம் பார்ப்போம் என்றார். கைகள் உயர்ந்தன. பாதிபேர் எதற்கு என்று பார்க்காமலே உயர்த்தினார்கள். புஷ்பவதி அணைந்துபோன ஒலிவாங்கியிடம் “வணக்கம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்பே மழை வந்துவிட்டது. மாவட்டம் முழுக்கப் பாதைகள் உடைந்து, தோட்டத்துக்குப் போக வழியில்லாமல் கிடந்தது. மேல் லயத்தில் இராமசாமி குடியிருந்த கடைசி அறையான தொங்கல் காம்பராவிலிருந்து பாதி லயம் மண்ணுக்குள் போயிற்று. இராமசாமியின் உடலையும் அவர் மனைவியின் உடலையும் தேடி எடுத்தார்கள். அடுத்த காம்பராவில் இருந்த தாயையும் பிள்ளையையும் எடுக்கவே முடியவில்லை. உயிர் தப்பியவர்களை எங்கே வைப்பது என்று கேட்டபோது, கொக்கோ ஸ்டோரின் பூட்டை உடைத்துத் திறந்துவிட்டார்கள்.

பாதை திறந்த பிறகு புஷ்பவதி கூடையோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

“அண்ணன் இல்லீங்க. பீன்ஸ் மட்டுந்தான் இருக்கு.”

என் மனைவி அழுதுவிட்டார். புஷ்பவதி தராசைப் பிடித்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கிப் போனார். அன்று திரும்பிப் பார்க்கவில்லை.

சபை கூடியது. முதலாவதாக அனுதாபப் பிரேரணை. எல்லா விதிகளையும் இறுக்கிய எங்கள் சபை, இறந்தவர்களுக்கு இரங்கும் பேச்சுக்கு மட்டும் நேர வரம்பு வைக்கவில்லை. கை உயர்த்தியவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மழையைத் திட்டினார்கள், இயற்கையின் சீற்றம் என்றார்கள், தோட்ட மக்களின் உழைப்பைப் புகழ்ந்தார்கள். குழுவுக்கு அனுப்பச் சொன்னவர்தான் எல்லாரையும்விட நீளமாகப் பேசினார். பதுர்தீன் ஹாஜியார் பேச மறுத்துவிட்டார். கடைசியில் தவிசாளர் குரலைத் தாழ்த்தி, புஷ்பவதி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

புஷ்பவதி எழுந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். “மாண்புமிகு தவிசாளர் அவர்களே” என்று தொடங்கினார். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். “கௌரவ உப தவிசாளர் அவர்களே.” காத்திருந்தார். “செயலாளர் அவர்களே. கௌரவ உறுப்பினர்களே. எல்லாருக்கும் வணக்கம்.”

சபை காத்திருந்தது. எழுதுவதற்கு நானும் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு முன்னால் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

புஷ்பவதி குனிந்து, ஒலிவாங்கியின் பொத்தானைத் தானே அழுத்தி அணைத்துவிட்டு உட்கார்ந்தார்.