தலைவி யாருன்னா... பன்னிரண்டு பேர் சார்!

போன வாரம் மூன்று நாள், திண்டுக்கல்லில் ஒரு ஹாலில் சார்ட் பேப்பர் ஒட்டினேன். எங்கள் தொண்டு நிறுவனம் நடத்திய ‘நிறுவனத் திறன் வளர்ப்புப் பயிற்சி’. பேரைக் கேட்டாலே மூச்சு வாங்குகிறதா? எனக்கும்தான்.

வந்த சங்கங்களில் ஒன்று வேடசந்தூர்ப் பக்கத்துப் பெண்கள் சங்கம். உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர், அத்தனை பேரும் மில் தொழிலாளிகள். பயிற்சியில் தேறினால் எல்லாச் சங்கங்களும் சேர்ந்த கூட்டமைப்பில் சேரலாம். சேர்ந்தால்தான் அவர்களின் குடிதண்ணீர் மனு கூட்டமைப்பு பேரில் கலெக்டருக்குப் போகும். தனியாகக் கொடுத்த மனு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது.

சங்கத்துக்கு ஒரு தலைவி, மூன்று நாளும் அவரே வரவேண்டும். இது விதி. முதல் நாள் பாண்டியம்மா வந்தார். மறுநாள் செல்வி. மூன்றாம் நாள் ஆரோக்கியமேரி! பயிற்சி நடத்த வந்த வெளியூர்ப் பயிற்சியாளருக்கு முகம் சுண்டிவிட்டது.

“உங்க தலைவி யாரும்மா?”

“இன்னிக்கு நான்தான் சார்.”

யாருக்கு ஷிப்ட் இல்லையோ அவர்தான் அன்றைக்குத் தலைவி. அவர்கள் வழக்கம் அது. கூட்டம் நடத்த, நோட்டு எழுத, ஆபீசரிடம் பேச எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே ஆக வேண்டும்... ஷிப்ட் யாரைக் கேட்டு மாறுகிறது?

“முதல் நாள் நடத்துனது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று பயிற்சியாளர் மடக்கினார்.

“மில் பஸ்ஸுல அம்புட்டையும் சொல்லிப்புட்டாங்க சார். நாலு கட்டம் போட்டீங்க. மூணாவத நிரப்பாம டீக்கு விட்டுட்டீங்க.”

ஹாலே சிரித்தது. சார்ட்டைத் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது கட்டம் காலியாகத்தான் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் பயிற்சியாளர் அந்தச் சங்கத்தின் மதிப்பீட்டுப் படிவத்தை என்னிடம் நீட்டினார். ‘நிலையான தலைமை இல்லை’ என்ற இடத்தில் டிக் போடச் சொன்னார். அது விழுந்தால் சங்கம் அவுட். தண்ணீரும் அவுட்.

நிலையான தலைமை எங்களிடம் இருக்கிறதே... எங்கள் டைரக்டர்! போன வருஷம் அவருக்கு மஞ்சள் காமாலை. இரண்டு வாரம் ஆபீஸ் அப்படியே நின்றது. லெட்டர்பேடு அவர் பீரோவில், சாவி அவர் வீட்டில், கிராமத்து ஆட்களின் விலாசமெல்லாம் அவர் பாக்கெட் டைரியில். பட்டதாரிகள் ஆறு பேர் உட்கார்ந்து கேரம் ஆடினோம். நாங்கள் போய் அந்தப் பன்னிரண்டு பேருக்குத் திறன் வளர்க்கிறோமாம். வெட்கமாக இல்லை?

டிக் போட மாட்டேன் என்றேன். வேலை போகும் என்றார். போகட்டும் என்றேன்.

‘தலைவர் பெயர்’ என்று ஒரே ஒரு கோடு இருந்தது. ஆரோக்கியமேரியிடம் கேட்டுப் பன்னிரண்டு பேரின் பெயரையும் எழுதினேன். ஓரத்தில், பின்பக்கத்தில், இடம் கிடைத்த இடத்திலெல்லாம். ஆரோக்கியமேரி எட்டிப் பார்த்து, “ஏ புள்ள, பாண்டியம்மாவுக்கு இனிசியல் விட்டுப்போச்சு” என்றார். சேர்த்தேன்.

படிவம் இப்போது டைரக்டர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. கையெழுத்தைக் கேட்டு வாங்காமல் விடப்போவதில்லை. ஆனால் டைரக்டர் சார் இந்த வாரம் ஊரில் இல்லை. அவர் வரும்வரை எங்கள் ஆபீசில் ஒரு பேப்பரும் நகராது.

அந்தச் சங்கம் மட்டும் வியாழக்கிழமை வழக்கம்போலக் கூடுகிறது.