முதல் வருஷ வக்கீலும் ஏழரை மணி பஸ்ஸும்

சட்டம் படிக்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: நமக்கு ஒன்றும் தெரியாது என்பது நமக்கே புரிய ஒரு வருஷம் ஆகும், ஊருக்குப் புரிய இன்னும் நாளாகும்.

எழுபதுகளின் கடைசியில் சென்னைக்குப் போய் சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன். சனிக்கிழமை சாயந்திரம் உத்திரமேரூரில் பஸ் மாறி, திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் வந்து இறங்குவேன். இறங்கும்போதே "வக்கீல் வந்துட்டாரு" என்பார்கள். புத்தகத்துக்கு அட்டை கூடப் போட்டிருக்க மாட்டேன். டாக்டருக்குப் படிக்கப் போன முதல் மாசமே ஊசி போடச் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நம் கதை ஒன்றுதான்.

போர்டு மாட்டினேன்

எனக்குப் பொதுச்சேவை வெறி. ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வாதாடுவது, பிறகு நீதிபதியாவது, அதற்குப் பிறகு என்ன என்று மட்டும் முடிவு செய்யவில்லை. காத்திருப்பானேன் என்று ஒரு பலகையில் சிவப்பு பெயிண்டால் "இலவச சட்ட ஆலோசனை. ஞாயிறு மட்டும்" என்று எழுதி, மணியண்ணன் டீக்கடைச் சுவரில் மாட்டப் போனேன்.

மணியண்ணன் கிளாஸைக் கழுவியபடியே பலகையை இரண்டு தரம் படித்தார். ஆணியும் அவரே கொடுத்தார். அப்புறம் சொன்னார்: "அதுங்கீழ 'டீ இலவசம் இல்ல'ன்னு ஒரு வரி சேத்துடு நைனா. இல்லன்னா எனக்குப் பேஜாராப் பூடும்."

முட்டை வழக்கு

முதல் கட்சிக்காரர் சின்னப்பன். பக்கத்து வீட்டுக் கோழி இவருடைய வைக்கோல் போரில் வந்து முட்டையிடுகிறது. முட்டை யாருக்குச் சொந்தம்? அடேயப்பா, இதற்காகத்தானே நான் பிறந்தேன்! உடைமை வேறு, கைவசம் வேறு என்று ஆரம்பித்து, இங்கிலாந்தில் யாரோ ஒரு துரையின் புறாக்கூண்டு வரைக்கும் போய், முக்கால் மணி நேரம் விளக்கினேன். இரண்டு டீ ஆறிப் போயிற்று.

சின்னப்பன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அந்த முட்டைய அன்னிக்கே அவிச்சித் துன்னுட்டோம்பா. இன்னிக்கும் ஒண்ணு இட்டுகீது, துன்னலாமா வேணாமா, அத்தச் சொல்லு."

ஐந்து பக்கம்

சிரித்தது போதும், அடுத்து வந்தது சிரிக்கிற விஷயம் இல்லை. காலனியிலிருந்து அந்தோணியம்மா வந்தாள். எங்கள் பெரியப்பா வயலில் நடவு, களை எல்லாம் அவள்தான். காலனி ஜனங்கள் தார் ரோட்டுக்கு வர, பெரியப்பாவின் வேர்க்கடலைக் கொல்லை ஓரமாக ஒரு நடைபாதை உண்டு. ஆடு புகுந்து மேய்கிறது என்று பெரியப்பா அதை முள்ளு வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். இனி ஏரிக்கரையைச் சுற்றித்தான் வர வேண்டும். அவள் மகள் ஸ்டெல்லா உத்திரமேரூரில் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறாள், மார்ச்சில் பரீட்சை. காலையில் ஒரே பஸ். சுற்றி வருவதற்குள் அது போய்விடுகிறது, வாரத்தில் மூன்று நாள் அந்தப் பெண் அழுதுகொண்டே வீடு திரும்புகிறாள். பெரியப்பாவிடம் நேரே சொல்ல அந்தோணியம்மாவுக்குப் பயம். சொன்னால் நாளைக்கு வேலைக்குக் கூப்பிடுவாரோ மாட்டாரோ.

எனக்கும் பயம்தான். அப்பா இல்லாத என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போய்க் காலேஜில் சேர்த்தவர் பெரியப்பா. ஆனாலும் மனுவில் என் பெயர் வராதே என்ற தைரியத்தில் எழுதினேன். பாதைச் சட்டம் மூன்றாம் வருஷப் பாடம். சீனியரிடம் நோட்டு வாங்கி, தாசில்தாருக்கு ஐந்து பக்கம் தீட்டினேன். தொன்றுதொட்ட உரிமை, இயற்கை நீதி, எல்லாவற்றையும் போட்டேன். அந்தோணியம்மா கைநாட்டு வைத்த பிறகு முழுக்கப் படித்துக் காட்டினேன். நின்றபடியே கேட்டாள். "எல்லாம் நல்லாத்தான் கீது சின்னவரே. பஸ்சு ஏழரைக்கு வந்துடும்னு எங்கியுமே எழுதலியே?"

பெரியப்பா வந்தார்

ஐயையோ, அது மட்டும் விட்டுப் போயிற்று. கைநாட்டுக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் ஒரு வரி எழுதிச் சேர்த்து அனுப்பினேன். மூன்றாவது வாரம், தாலுகா ஆபீஸிலிருந்து வந்த நோட்டீஸும் கையுமாகப் பெரியப்பா என் முன்னால் நிற்கிறார். கூடவே மனுவின் நகல். டைப் அடித்த நகல், நல்லவேளை, என் கையெழுத்து தப்பித்தது. அடித்தவர் கைநாட்டோடு நிறுத்திவிட்டிருந்தார். கீழே இருந்த வரி அதில் இல்லை.

"வூட்லயே வக்கீலை வச்சிக்கினு வெளிய இன்னாத்துக்குப் போவணும்? பதில் எழுது" என்றார். மாட்டேன் என்று சொல்லாமல் பேனாவை எடுத்தேன். ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களே, அதன்படி இன்னொரு தரப்புக்கும் நாமே எழுதினால் நியாயம்தானே என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டேன். கோழையின் சமாதானம் அது. ஆடு, கடலை, நஷ்டம் என்று ஒன்றரைப் பக்கத்தில் முடித்தேன். பெரியப்பா அதையும் நகலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எதிர்த்து எழுதனவன் எவனோ பலே கையிடா. அவனாண்ட போயி நாலு மாசம் கத்துக்க."

ஒரே கையெழுத்து

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் இடத்தைப் பார்க்க வந்தார். கொல்லை ஓரத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டார்கள். ஒரு பக்கம் பெரியப்பா, ஒரு பக்கம் அந்தோணியம்மாவும் ஸ்டெல்லாவும், நடுவில் நான். இன்ஸ்பெக்டர் இரண்டு மனுவையும் அசல் தாளிலேயே மடியில் விரித்தார். இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "ரெண்டும் ஒரே ஆளு எழுதினதா?" என்றார்.

பெரியப்பா கையை நீட்டி அந்த ஐந்து பக்கத்தையும் வாங்கிக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில், கைநாட்டுக்குக் கீழே, அவர் இதுவரை பார்க்காத வரியில் கண் நின்றது. "பஸ் காலை ஏழரைக்கு. சுற்றி வந்தால் என் மகளுக்கு அது கிடைப்பதில்லை. மார்ச்சில் பரீட்சை." ஸ்டெல்லாவை ஒரு தரம் பார்த்தார். புத்தகப் பையை மாரோடு அணைத்துக்கொண்டு அவள் நின்றாள். "ஏம்மா, இத்த எங்கிட்ட சொல்லக்கூடாதா?" என்று கேட்டார். அந்தோணியம்மா மகளைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். அது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "முள்ள எடுங்கடா" என்று ஆட்களிடம் கத்திவிட்டு, என் பக்கம் திரும்பாமலே போனார். இன்ஸ்பெக்டர் தாள்களை மடித்தார். "தம்பி, ரெண்டு கட்சிக்கும் நீயே எழுதிட்டே. முடிவையும் நீயே எழுதிக் குடுத்துட்டீன்னா நான் மூணு மணி பஸ்ஸைப் பிடிச்சிடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா என்னோடு பேசவில்லை. வீட்டுக்குப் போனால் பின்பக்கம் எழுந்து போய்விடுவார். ஒரு மாசம் இப்படியே போயிற்று. போர்டைக் கழற்றி வைக்கோலில் செருகிவிட்டேன். ஒரு திங்கட்கிழமை காலை காலேஜுக்குக் கிளம்பி பஸ்ஸுக்கு நின்றேன். ஸ்டெல்லா முன்னாலேயே வந்து புத்தகத்தை விரித்துக்கொண்டு நின்றாள். அவளை ஏற்றிவிட வந்த அந்தோணியம்மா, சின்னவரே என்று கூப்பிடாமல் முதல் தடவையாக வேறு மாதிரி கூப்பிட்டாள். "போர்டு எங்க தம்பி? திரும்ப மாட்டு."

மாட்டினேன். அடுத்த ஞாயிறு டீக்கடை பெஞ்சில் யாரோ கனமாக உட்கார்ந்தார்கள். நிமிர்ந்தால் பெரியப்பா! மணியண்ணன் கேட்காமலே இரண்டு டீ வைத்தார். பெரியப்பா போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல நிதானமாகப் படித்தார், தொண்டையைக் கனைத்தார். "ஏரி மதகுத் தகராறுல ஒரு மனு எழுதணும். மொதல்ல இத்தச் சொல்லு, எதிர்க்கட்சிக்கு எழுதிக் குடுத்துட்டியா, இன்னும் இல்லியா?"

அந்த வருஷ முடிவில் பெரியப்பா சமாதானம், ஸ்டெல்லா பாஸ், வக்கீல் மட்டும் ஒப்பந்தச் சட்டத்தில் பெயில்.