மூன்று சட்டை, ஒரே கம்பி

ஜாடையக்கா ஒரு இன்டர்நெட்காரனை ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் கட்டிப்போட்டு, சோறு தண்ணி காட்டாமல் வைத்திருந்து, விடிந்ததும் முட்டி போட வைத்து அனுப்பினாள் என்று அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு பேச்சு. லிஃப்டில் ஏறும்போது ஒரு மாதிரியும் இறங்கும்போது வேறு மாதிரியும் இருந்தது அது. தரைத்தளத்தில் கயிற்றால் கட்டினாள். இரண்டாம் மாடியில் கேபிளாலேயே கட்டினாள். ஐந்தாம் மாடிக்குப் போவதற்குள் போலீஸ் வந்து போயிருந்தது.

விசாரித்துப் பார்த்ததில் போலீஸும் வரவில்லை, கயிறும் இல்லை. ராத்திரியும் இல்லை, நல்ல பட்டப்பகல். சோறு தண்ணி காட்டவில்லை என்பது அபாண்டம். அவளுடைய அப்பா ஃபிளாஸ்கில் டீ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார், சர்க்கரை தூக்கலாக. முட்டி போட்டது மட்டும் பாதி உண்மை. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நிமிர்ந்து உட்கார இடமில்லாமல் அவனாகத்தான் மண்டியிட்டிருந்தான். மற்றபடி நடந்தது ஒன்றே ஒன்று. அங்கே ஒரு ஏணி இருந்தது. பிறகு இல்லை.

ஏணி ஏன் இல்லாமல் போனது என்று சொல்ல அவள் பிறந்த கதையிலிருந்துதான் வர வேண்டும்.

அவளைப் பெற்ற இருவருக்குமே காது கேட்காது, பேச்சும் வராது. அப்பாவுக்கு அச்சகத்தில் வேலை. இயந்திரங்கள் போடுகிற கூச்சலில் மற்ற எல்லாருக்கும் மண்டையிடி; அவர் ஒருவர்தான் அங்கே நிம்மதியாகச் சம்பளம் வாங்கிய ஆள். வீட்டில் பேச்செல்லாம் கையால். பிள்ளைக்கு வாய் பேச வருவதற்கு முன்பே கை பேசிவிட்டது. பால்பல் விழுகிற வயதில் அவள்தான் அந்தக் குடும்பத்தின் வாய். வீட்டுச் சொந்தக்காரர் வாசலில் நின்றுகொண்டு, செவிடுகளுக்கு வீடு விட்டேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று கத்துவார். அவள் அப்பா பக்கம் திரும்பி, வாடகை கொஞ்சம் சீக்கிரம் வேண்டுமாம் என்று கை காட்டுவாள். அப்பா பதிலுக்குக் கையை வீசி அந்த மனிதரின் மூன்று தலைமுறையையும் இழுப்பார். அவள் வீட்டுச் சொந்தக்காரர் பக்கம் திரும்பி, அப்பா உங்களை நலம் விசாரித்தார் என்பாள். இரண்டு பக்கத்துக் கோபத்தையும் இப்படி வடிகட்டி வடிகட்டிக் கொடுத்ததில் யாருக்கும் யாரோடும் சண்டையில்லை. கசடு முழுவதும் அவள் வயிற்றில் தங்கிப்போயிற்று.

அதுவே பிழைப்பாகவும் ஆனது. ஆஸ்பத்திரியிலோ அலுவலகத்திலோ காது கேளாத ஒருவர் வந்து நின்றால் அங்கே இருக்கும் திரையில் இவள் முகம் வரும். டாக்டர் வாயால் சொல்வதை இவள் கையால் சொல்வாள். நோயாளி கையால் கேட்பதை டாக்டரிடம் வாயால் சொல்வாள். படுக்கையறைச் சுவரில் நீலத் துணியைத் தொங்கவிட்டு, கை தெளிவாகத் தெரிவதற்காகக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, மேஜை விளக்கை மூஞ்சிக்கு நேரே திருப்பி வைத்து உட்காருவாள். அம்மா காலமான பிறகு அப்பா அவளோடுதான். வாசல் மணிக்குப் பதிலாக எரிகிற விளக்கைப் பார்த்துக் கதவைத் திறப்பது அவர் பொறுப்பு. ஜாடையக்கா என்ற பெயர் கட்டடம் வைத்தது. கையை ஆட்டுவதற்கெல்லாம் சம்பளம் தருகிறார்களா என்று லிஃப்டில் கேட்டவர்களும் உண்டு.

இந்த வேலையில் குரல் விட்டுவிட்டு வந்தால்கூடச் சமாளிக்கலாம். படம் போய்விட்டால் எல்லாம் போயிற்று. அன்றைக்கு அப்படித்தான் போனது.

ஊரின் மறுகோடியில் ஒரு ரொட்டிக்கடைக்காரர். காது கேட்காது. சர்க்கரை வியாதி அவர் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. மற்றவர்களுக்குக் கண் போனால் கண்தான் போகும். அவருக்குக் கண் போனால் பேச்சும் கூடவே போகும். ஊசியா ஆபரேஷனா என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கிக்கொண்டிருந்தார். திரையில் இவள் கை பனிமூட்டத்துக்குள் நுழைந்தது. ரொட்டிக்கடைக்காரர் திரையில் மூக்கு படுகிற அளவுக்கு நெருங்கிப் பார்த்தார். பிறகு படம் அப்படியே உறைந்துவிட்டது. அந்தரத்தில் நின்ற கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பெரிய இடம், நமக்கெதற்கு வம்பு என்று அவர் மரியாதையாகத் தலையாட்டினார். டாக்டருக்கு அது சம்மதமாகப் பட்டது. லைன் திரும்ப வந்தபோது நாற்காலி காலி. எதற்கு ஒத்துக்கொண்டார் என்று இவள் கேட்டதற்கு, ஆபரேஷனுக்குத்தானே என்று நர்ஸ் சொன்னாள். இவள் விடவில்லை. மறுபடி ஒரு முறை பேசியே ஆக வேண்டும் என்று சண்டை போட்டு வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கினாள். அதற்குள் லைன் சரியாக வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு தலையாட்டலில் அந்த மனிதரின் கண்ணில் கத்தி இறங்கிவிடும்.

அப்போது இருந்தது இரண்டாவது கம்பெனி. முதல் கம்பெனியை அவள் ஏற்கெனவே தலைமுழுகியிருந்தாள். இரண்டுமே ஒரே பாட்டைத்தான் பாடின: ரவுட்டரை அணைத்துவிட்டுப் போடுங்கள். அணைத்து அணைத்து அந்த சுவிட்சே தொளதொளத்துப் போயிற்று. உங்கள் பக்கம்தான் கோளாறு என்று சொன்ன குரல்களில் ஒன்றுகூட அவள் பக்கம் எது என்று வந்து பார்க்கவில்லை. எந்த கம்பெனி நல்லது என்று கட்டடத்தில் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். எல்லாருமே அடுத்த வீட்டில் இருக்கும் கம்பெனியைச் சொன்னார்கள். அசோசியேஷன் செக்ரட்டரி மட்டும் சிரித்தார். கம்பெனியில் ஒன்றும் இல்லையம்மா, உபயோகிக்கத் தெரிய வேண்டும், எங்கள் வீட்டில் வந்து பாருங்கள் என்றார்.

மூன்றாவது கம்பெனியின் விற்பனைக்காரன் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, ஒரு படம் முழுசா கண் சிமிட்டுற நேரத்துல எறங்கும்."

"எனக்கு எதுவும் எறங்க வேணாம் தம்பி. இங்கேருந்து போகணும். போற வேகம் எவ்வளவு?"

அவன் கையிலிருந்த நோட்டீஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். வருகிற வேகம் பெரிய எழுத்தில் இருந்தது. போகிற வேகம் பொடி எழுத்தில்கூட இல்லை.

"போறதா? அதை யாரும் கேக்கறதில்லையேக்கா. நீங்க அப்படி என்ன அனுப்பப் போறீங்க?"

"என் கையை."

அவன் ஒரு அடி பின்னால் போய் நின்றான். ஆனாலும் அவளிடம் கையெழுத்து வாங்க மறக்கவில்லை. வேறு வழி இல்லாதவளுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்தால், அவள் கடைசியாக வந்தவனைத் தேர்ந்தெடுப்பாள். இதைத்தான் அவர்கள் போட்டி என்கிறார்கள்.

புதன்கிழமை லைன்மேன் வந்தான். மஞ்சள் சட்டை, முதுகில் கம்பெனி பெயர். கதவைத் திறந்த ஜாடையக்காவுக்கு அந்த மூஞ்சியை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது.

"நீ செகப்புச் சட்டை இல்ல?"

"அது மொதல் தடவைக்கா. நடுவுல நீலத்துலயும் வந்தேனே. நீங்க உள்ள வேலையா இருந்தீங்க, அப்பாதான் பாத்துக்கிட்டார்."

சொல்லிவிட்டு அவளைத் தாண்டி அப்பாவைப் பார்த்துக் கையால் டீ என்றான், சர்க்கரை தூக்கலாக என்றும் சேர்த்துக்கொண்டான். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். இவனேதான் அவனும் என்று ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவள் கையை உதறிக் கேட்டாள். உனக்கு இவன் வேலை பிடித்துப்போய்த்தான் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன், நல்ல பையன் என்றார் அவர்.

அவள் அந்த நல்ல பையனிடம் திரும்பினாள். அவன் எதையும் ஒளிக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் பளிச்சென்று பதில் வந்தது. தெருவிலிருந்து கட்டடத்துக்கு வருவது ஒரே கம்பி. மாடியில் இருப்பது ஒரே பெட்டி. அதிலிருந்துதான் மூன்று கம்பெனியும் பிரிகின்றன. பையில் மூன்று சட்டை இருக்கும். எந்த கம்பெனி கூப்பிடுகிறதோ அந்தச் சட்டை.

"அப்போ நான் எதுக்கு மூணு கம்பெனி மாத்தினேன்?"

"அதைத்தான்க்கா நானும் யோசிச்சேன்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே மாடிக்குப் போனாள். படிக்கட்டு அறையின் கூரைமேல் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு அடியில் பெட்டி. அவன் ஏணி வைத்து ஏறி உள்ளே தவழ்ந்தான். அவள் கீழே நின்று, என்ன தெரிகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒரு கம்பி மட்டும் தனியாக நேரே போகிறது, அது செக்ரட்டரி சார் வீட்டுக்கு என்றான். மற்ற வீடுகள் எல்லாம் இன்னொரு கம்பியில் கூட்டாக. எல்லா வீட்டுப் படமும் அந்த ஒரு சந்து வழியாகத்தான் இடித்துக்கொண்டு வெளியே போக வேண்டும். நேரே கொடுக்க வேறு இடம் இருக்கிறதா என்றாள். இரண்டு மூன்று காலியாகவே இருக்கிறது, ஆனால் சார் சொல்லாமல் தொடக்கூடாது என்று உத்தரவு என்றான். மூன்று கம்பெனிக்கும் கம்பி கொடுக்கிற தன் முதலாளிக்கு மாடியைத் திறந்துவிட்டவர் செக்ரட்டரிதான் என்றும் சொன்னான். அதற்குப் பதிலாக அவருக்கு அந்த நேர் கம்பி. வேறு எவன் கேபிளும் கட்டடத்துக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பாடு.

உபயோகிக்கத் தெரிய வேண்டும் என்று அவர் சொன்னதன் முழு அர்த்தமும் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவள் கத்தவில்லை. ஏணியைத் தூக்கித் தரையில் படுக்கவைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, ஏணி?"

"இருக்கு."

"எங்க இருக்கு?"

"என் கிட்ட."

"நான் எறங்கணுமேக்கா. இன்னொரு வீட்ல காத்துக்கிட்டிருக்காங்க."

"என் படமும் போகணும். ஒரு மனுஷன் காத்துக்கிட்டிருக்கார். உங்க செக்ரட்டரியைக் கூப்பிடு."

அவன் மேலிருந்தே போன் போட்டான். செக்ரட்டரிக்கு முன்னால் அப்பா வந்துவிட்டார், டீ குடிக்க ஆளைக் காணோமே என்று தேடிக்கொண்டு. நிலைமையைப் பார்த்தவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. துணி காயப்போடும் கொடியைத் தூக்கி நிறுத்தும் கம்பின் நுனியில் ஃபிளாஸ்கை மாட்டி மேலே நீட்டினார். அதன் பிறகுதான் மகளிடம் கேட்டார். அவள் கையால் சொன்னாள், ஒன்று விடாமல்.

வீட்டுச் செருப்போடு மூச்சு வாங்க ஏறி வந்தார் செக்ரட்டரி.

"என்னம்மா ரவுடித்தனம் இது? அந்த ஏணி அசோசியேஷன் சொத்து."

"அந்தக் கம்பி யார் சொத்து சார்?"

எல்லாருக்கும் நேர் கம்பி கொடுத்தால் எல்லாருக்கும் வேகம் குறையும் என்று அவர் நிதானமாக விளக்கினார். பொதுநலத்துக்காகத் தான் ஒருவர் மட்டும் அந்தக் கம்பியைச் சுமப்பது போல இருந்தது பேச்சு. வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலைதானே, கொஞ்சம் அனுசரித்துப் போகக் கூடாதா என்றும் கேட்டார். அப்பா அவர் எதிரில் வந்து நின்று இரண்டு கைகளையும் தூக்கினார். கை சுழன்றது, குத்தியது, காற்றைக் கிழித்தது.

"என்ன சொல்றார்?" என்றார் செக்ரட்டரி.

பழக்கத்தில் அவள் வாயில் வந்து நின்றது, உங்களை விசாரித்தார் என்பதுதான். மரியாதையாகத் தலையாட்டிய ரொட்டிக்கடைக்காரரின் முகம் குறுக்கே வந்தது. அவள் வடிகட்டியைக் கீழே வைத்தாள்.

"'என் ஆயுசுல எத்தனையோ திருடனைப் பாத்திருக்கேன். நேர் கம்பியைத் தன் வீட்டுக்கு இழுத்து வெச்சுக்கிட்டு, என் பொண்ணைப் பாத்து உபயோகிக்கத் தெரியலன்னு சொன்ன திருடனை இப்பதான் பாக்கறேன்.' அப்படிங்கறார். இருங்க சார், அவர் இன்னும் முடிக்கல."

அப்பா இன்னொரு சுற்று வந்தார். மேலே டீ குடித்துக்கொண்டிருந்தவனுக்குப் புரை ஏறியது.

"இது உங்க மூஞ்சியைப் பத்தி. சொல்லணுமா?"

"வேணாம்," என்றார் செக்ரட்டரி. மீட்டிங் போடுகிறேன், நடவடிக்கை எடுக்கிறேன் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே படி இறங்கியவர், பாதியில் நின்று தலையை மட்டும் வெளியே நீட்டினார். "இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நேரா போட்டுக் குடு. ஒரே ஒரு வீட்டுக்கு." போட்டுக் கொடுத்த பிறகுதான் ஏணி எழுந்து நின்றது.

வெள்ளிக்கிழமை படம் கண்ணாடி மாதிரி போனது. ரொட்டிக்கடைக்காரர் இந்த முறை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தே பார்த்தார். முதல் கேள்வியே, போன தடவை நான் எதற்குத் தலையாட்டினேன் என்பதுதான். சொன்னாள். பிறகு கேள்வி மேல் கேள்வி. கண்ணைக் கட்டிவிட்டால் எனக்கு யார் எப்படி எதைச் சொல்வார்கள் என்று அவர் கேட்டார். அப்படி ஒரு சிக்கல் இருப்பதே டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. முதலில் ஊசி, தேவைப்பட்டால் மட்டும் ஆபரேஷன், அதுவும் ஒரு நேரத்தில் ஒரு கண்தான் என்று முடிவானது. முடிவு செய்தது ரொட்டிக்கடைக்காரர்.

அவள் கோபம் அத்தோடு தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை. இரண்டாம் மாடியில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிற ஒருவர் வந்து, உங்கள் வீட்டில் நன்றாக வருகிறதாமே, எந்த கம்பெனி என்று கேட்டார். அவள் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். அவர் அதைக் காதில் வாங்காமல், கம்பெனி பெயரை மட்டும் சொல்லுங்கள் என்றார். வாய்விட்டுக் கேட்காத ஒரு மனிதருக்காக அவள் சண்டை போட்டாள். காது நன்றாகக் கேட்கிற இவரோடு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. செக்ரட்டரியும் சும்மா இருக்கவில்லை. கம்பிகளை அப்படியே விட்டுவிட்டு ஏணிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார்.

லைன்மேன் விஷயத்தில் மட்டும் அவளுக்கு உள்ளே ஒரு முள் உறுத்திக்கொண்டிருந்தது. அவன் மூன்று சட்டையிலும் கூலிக்காரன்தான். அவனை மேலே உட்கார வைத்தது நியாயமில்லை, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவளுக்கே தெரியும். அவனுக்கும் தெரியும். போன வாரம் வேறு வீட்டுக்கு நீலச் சட்டையில் வந்தவன் டீக்காக எட்டிப் பார்த்தான். அப்பாவிடம் கையால் நன்றி சொல்லி டம்ளரை வாங்கிக்கொண்டு, அவளிடம் வாயைத் திறந்தான்.

"எல்லாம் சரிக்கா. எனக்கு ஒரு வார்த்தை பாக்கி இருக்கே."

"தர்றேன். மொதல்ல ரெண்டாம் மாடிக்கு நேர் கம்பி போடு."

"சார் சொல்லாம எப்படிக்கா? நீங்க மொதல்ல சொல்லுங்க, அப்புறம் நான் பாக்கறேன். கைல சொன்னாக்கூடப் போதும்."

"ரெண்டாம் மாடி."

"வார்த்தை."

டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அவன் போனான். இரண்டாம் மாடிக்கு இன்னும் கம்பி போகவில்லை. இவளும் இன்னும் சொல்லவில்லை.